கை மாறும்வரை

ஜூன் 3, செவ்வாய்

புதுப் பிழை, புதுப் பக்கம்.

அலுவலகத்தில் பிழை தேட ஆரம்பித்தால் நாள்வாரியாகக் கையால் குறித்து வைப்பது என் பழக்கம். சின்னவர்கள் சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் கணினியில் இடம் இருக்கும்போது இந்த ஆள் ஏன் டைரியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று. சிரிக்கட்டும். பிழை கணினிக்குள்ளே இருக்கிறது, குறிப்பாவது வெளியே இருக்கட்டும்.

விஷயம் இதுதான். ஒரு தனியார் பால் பண்ணைக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொங்குப் பக்கத்து ஊர்களில் எல்லாம் அவர்களுக்குப் பால் வாங்கும் நிலையங்கள் உண்டு. விடிகாலையில் பாலை ஊற்றியதும் அங்குள்ள மெஷின் எடையையும் கொழுப்பையும் அளந்து, நெட்வொர்க் வழியாக எங்கள் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை ஒரு பஃபரில் வாங்கி வைத்து, பண்ணைக்குத் தள்ளிவிடும். பஃபர் என்றால் மிரள வேண்டாம். வந்தது போகும்வரை தங்க நினைவகத்தில் கொஞ்சம் இடம், அவ்வளவுதான்.

இப்போது ஓர் ஊர்ப் பாலின் கொழுப்பு இன்னோர் ஊரின் பெயரில் போய் விழுகிறது. எருமைப்பால் மட்டுமே ஊற்றும் ஊருக்குத் தண்ணீர்ப் பால் என்று பதிவாகியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போடாததுதான் பாக்கி.

குழந்தையைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று முடிவு. இது பிழைக் குறிப்பு.

ஜூன் 4, புதன்

செவ்வந்திக்கு முதல் கடைவாய்ப் பல் முளைக்கிறது. இது ஒன்றுதான், இனி எழுத மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்

காரணம் அகப்பட்டது. விடிகாலையில் எல்லா ஊரும் ஒரே சமயத்தில் அனுப்பும்போது உட்கார்ந்து பார்த்தேன்.

அனுப்பும் வேலையை நம் நிரல் நேரடியாகச் செய்வதில்லை. 'இந்த இடத்தில், இவ்வளவு நீளத்துக்குச் சரக்கு இருக்கிறது, எடுத்துப் போ' என்று விலாசத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். எடுத்துப் போகிறவன் மெதுவாக வருவான். அவன் வந்து எடுப்பதற்குள் நம் ஆள், வேலை முடிந்தது என்று நினைத்து, பஃபரைக் காலி என்று பொதுவில் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அதில் அடுத்த ஊரின் அளவு வந்து உட்கார்ந்துவிடுகிறது. எடுத்துப் போகிறவன் சரியான விலாசத்துக்குத்தான் வருகிறான், ஆனால் உள்ளே இருப்பது வேறு ஆள்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்றுதான். பஃபர் யாருடையது? எப்போது கையை விடலாம்?

சரி, எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதித் தொலைக்கிறேன். செவ்வந்தி எங்கள் குழந்தை இல்லை. அவள் அம்மா சாலை விபத்தில் போய்விட்டாள். அப்பா யாரென்று தெரியவில்லை. உறவுக்காரர் கிடைக்கும்வரை தற்காலிகமாக வளர்க்க, தை மாதத்தில் எங்களிடம் கொடுத்தார்கள். எனக்கும் வாணிக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், குழந்தை இல்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த பெர்னடெட் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நீங்க வச்சிருக்கீங்க சார். ஆனா உங்களோடது இல்ல. அத மட்டும் மறந்துராதீங்க. அம்மா, அப்பான்னு சொல்லிக் குடுக்க வேண்டாம்."

நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமா, அத்தை என்றுதான் பழக்கினோம். அம்மிணி அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. வாணி சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று என்னைக் கூப்பிட்டால், கூடத்திலிருந்து "ஏனு!" என்று இன்னொரு குரல் வரும். என் பெயர் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பால் வேண்டுமென்றாலும் ஏனு, காக்காயைப் பார்த்தாலும் ஏனு. நல்லசிவம் என்று அப்பாவும் அம்மாவும் யோசித்து வைத்த பெயர் வீணாகப் போயிற்று.

ஜூன் 14, சனி

முதல் வைத்தியம்: நகல். அனுப்புவதற்கு முன் சரக்கை வேறோர் இடத்தில் அப்படியே நகல் எடுத்து, நகலின் விலாசத்தைக் கொடுத்துவிடுவது. அசலை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எளிது, பாதுகாப்பு. திங்கட்கிழமை காலையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

வாணி இன்று என் பழைய லுங்கியைத் துடைக்கும் துணிக்காகக் கிழிக்கப் போனாள். நீலமும் சாம்பலும் கட்டம் போட்டது, ஒப்பணக்கார வீதியில் வாங்கியது. துவைத்துத் துவைத்துக் கட்டம் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. அவள் கத்தரியை எடுத்ததும் செவ்வந்தி வீடே இடிவது போல அலறினாள். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அவள் தூங்குவதே அந்த லுங்கியின் ஓரத்தை மூக்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டுதான். நான் மடியில் போட்டுத் தூங்க வைத்த பழக்கம்.

"நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க போங்க. இனி இதத் தொவைக்கக்கூட விடமாட்டா" என்றாள் வாணி.

லுங்கி செவ்வந்தியின் சொத்தாகிவிட்டது. எனக்கு வேறு ஒன்று வாங்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

நகல் உதவவில்லை. பகலில் பதவிசாக இருந்த சர்வர் விடிகாலை நெருக்கடியில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வைத்துக்கொள்ள அதற்கு இடம் போதவில்லை.

வேறு ஒரு தொல்லையும் இருக்கிறது. மெஷின்கள் மூன்று கம்பெனிகளுடையவை. ஒவ்வொன்றும் அனுப்பும் நீளமும் வகையும் வேறு. மூன்று பஃபர் தனித்தனியாக எழுதினால் மூன்றிலும் தனித்தனியாகப் பிழை வரும். அதனால் டெம்ப்ளேட்டாக எழுதுகிறேன். அச்சு ஒன்றுதான். நீளம் இவ்வளவு, மெஷின் இன்னது என்று சொன்னால், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதற்குரிய பஃபரை வார்த்துக் கொடுக்கும். ஒரு எழுத்து பிசகினாலும் கம்பைலர் திட்டும் திட்டு இருக்கிறதே, கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் பெயர் போடுவது போல நீண்டுகொண்டே போகும். விஷயம் கடைசி வரியில் இருக்கும். தஸ்லிமா அதைப் பார்த்துவிட்டு, "சார், இதுல மாப்பிள்ளை பேரு எங்க இருக்கு?" என்றாள். என் பக்கத்து இருக்கைக்காரி, கெட்டிக்காரி. நான் எழுதும் நிரலை அவள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் சேர்ப்போம்.

மத்தியானம் பெர்னடெட் மேடம் போன் செய்தார். செவ்வந்திக்குச் சித்தி இருக்கிறாளாம். அருப்புக்கோட்டைப் பெண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அக்கா செத்ததே அவளுக்குப் போன மாதம்தான் தெரியுமாம். குழந்தையைக் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறாள்.

வாணியிடம் சாயங்காலம் சொன்னேன். அவள் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோசை கருகியது. இருவரும் அதையே தின்றோம்.

ஜூன் 27, வெள்ளி

சித்தி வந்தாள். பெயர் முத்தரசி. இருபத்து மூன்று இருபத்து நாலு வயது இருக்கும். போன வருஷம்தான் கல்யாணம் ஆகியிருக்கிறது. புருஷனும் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

வருவதற்கு முன் அவளைப் பற்றி மனசுக்குள் நிறைய குறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேறவில்லை. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் குழந்தையைப் பார்த்தாள். தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தன் வளையலைக் கழற்றி உருட்டிவிட்டாள். செவ்வந்தி அதைத் துரத்திக்கொண்டு போனாள்.

"எங்கக்கா காது மாதிரியே இருக்குண்ணே, பாருங்களேன்" என்றாள். "ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து வளந்தோம். சண்ட போட்டுட்டு மூணு வருசம் பேசாம இருந்துட்டேன். இவளாச்சும் வேணும்ண்ணே எனக்கு."

காபி போடட்டுமா என்று கேட்டேன். வாணி எனக்கு முன்னாலேயே போட்டுவைத்திருந்தாள்.

ஜூலை 2, புதன்

இரண்டாவது வைத்தியம்: கூட்டு உரிமை. பஃபரை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. ஊர் மெஷினோடு பேசும் இணைப்பும் பிடித்துக்கொள்ளட்டும், எடுத்துப்போய் அனுப்புகிறவனும் பிடித்துக்கொள்ளட்டும். கடைசியாகக் கையை விடுகிறவன் விளக்கை அணைத்துவிட்டுப் போவான். யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பெர்னடெட் மேடத்திடம் போனில் கேட்டுப் பார்த்தேன். வாரநாளில் இங்கே, ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அது கொழந்தைக்கு நல்லதில்ல சார். எது தன் வீடுன்னு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

கூட்டு உரிமையும் காலை வாரிவிட்டது. சர்வர் நினைவகம் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போகிறது. தஸ்லிமாதான் கண்டுபிடித்தாள். இணைப்பு பஃபரைப் பிடித்திருக்கிறது. வேலை முடிந்ததும் கூப்பிட வேண்டும் என்பதற்காக, பஃபர் இணைப்பைப் பிடித்திருக்கிறது. அவன் விடட்டும் என்று இவன், இவன் விடட்டும் என்று அவன். ஆக, யாரும் விடுவதே இல்லை.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு கட்டிப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்கு சார். வேலையும் நடக்கல, எடமும் காலியாகல" என்றாள்.

குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வந்துவிட்டது. குழந்தை சித்தியிடம் போக வேண்டும். தேதி அடுத்த வாரம் என்றார்கள். வாணி நேராக முத்தரசிக்கே போன் போட்டுவிட்டாள். எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, வர்ற வியாழக்கெழம ஆடி பொறக்குது. ஆடில புது வீட்டுக்குப் புள்ளைய அழச்சுட்டுப் போவாங்களா? ஆவணி பொறக்கட்டும்மா. நல்லதா இருக்குமில்ல?"

வாணி பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். ஆடியில் சோபா வாங்கியவள், ஆடியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவள். ஒரு நல்ல நாள் பார்த்து நான் கண்டதில்லை. முத்தரசியோ உடனே ஒப்புக்கொண்டாள், அவர்கள் ஊரிலும் ஆடியில் எதையும் தொட மாட்டார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டதும் பெர்னடெட் மேடத்தின் அலுவலகத்திலும் சரி என்றுவிட்டார்கள்.

ஒரு மாதம் கிடைத்தது. போனை வைத்துவிட்டு வாணி சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் இல்லாத வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. செவ்வந்தி இரண்டு அடி நடந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பேரூர் ஆற்றங்கரைக்குப் போனோம். தண்ணீர் அதிகமில்லை. செவ்வந்தி சேற்றில் உட்கார்ந்து கையால் அடித்தாள். எங்கள் மூன்று பேர் மேலும் சேறு.

ஒப்பணக்கார வீதி வழியாகத் திரும்பும்போது அதே கடையில் அதே கட்டத்தில் ஒரு லுங்கி வாங்கினேன். எனக்கில்லை. இதைத் துவைத்து, காயவைத்து, பழசு போல ஆக்கிவிட்டால் இரண்டு ஆகிவிடும். ஒன்று அங்கே போகும். ஒன்று இங்கே இருக்கும். செவ்வந்தி எப்போதாவது வந்தால் தூங்க வேண்டுமே.

வாணி கேட்டுக்கொண்டாள். பிறகு ஊசியை எடுத்துப் பழைய லுங்கியின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பூத் தைத்தாள்.

"மாத்தி வச்சுறாதீங்க. பழசுதான் அவளோட போகோணும்" என்றாள்.

எனக்கு எதற்கு நூல்? கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எது எது என்று சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புது லுங்கி மூன்று முறை ஊறி, மூன்று முறை வெயிலில் காய்ந்துவிட்டது. பார்வைக்கு இப்போது அண்ணன் தம்பி. அம்மிணியிடம் சோதனைக்குக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனாள், என்னைப் பார்த்தாள், கீழே போட்டாள். பழகிவிடும்.

அலுவலகத்தில் கடைசி வைத்தியம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நகலும் இல்லை, கூட்டும் இல்லை. ஒரு பஃபருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரிமையாளர். அனுப்பும்போது விலாசத்தைக் காட்டக் கூடாது, பஃபரையே ஒப்படைத்துவிட வேண்டும். கொடுத்தவன் கை அந்தக் கணமே வெறுமையாகிவிடும். திரும்பிப் பார்க்க அவனிடம் விலாசம்கூட இருக்காது. அனுப்புகிறவன் வேலை முடிந்ததும் தானே பொதுவில் சேர்த்துவிடுவான்.

தஸ்லிமா படித்துவிட்டுக் கேட்டாள். "நகல் எடுக்கறத அடியோட தடை பண்ணிட்டீங்களே சார், யாராச்சும் ஆத்திர அவசரத்துக்கு எடுக்கணும்னா?"

"அப்படி எடுத்துத்தாம்மா எல்லாம் கெட்டுது" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது.

பை கட்டினோம். துணிகள், கரடி பொம்மை, தடுப்பூசி அட்டை, பால் டம்ளர், ஆற்றங்கரையில் எடுத்த படம் ஒன்று. வாணி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் அடுக்கினேன். லுங்கியை மட்டும் கடைசியாக நானே எடுத்து வைக்கிறேன் என்று சொன்னேன். வைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒப்படைத்தோம். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே செவ்வந்தி முத்தரசியின் வளையலைப் பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டாள். நல்லதுதான். அழுதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் பார்க்க வர வேண்டாம், அவள் அங்கே பழக வேண்டும் என்றார் பெர்னடெட் மேடம். சரி என்றோம்.

ஆட்டோவில் ஏறும்போது திரும்பி, "ஏனு" என்றாள். வா என்பது போலத்தான் சொன்னாள். கையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது வாணி, "தண்ணிய வீணாக்காதீங்க" என்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அலுவலகம் போனேன். வேலை செய்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புது பஃபர் விடிகாலை நெருக்கடியைத் தாங்கிவிட்டது. எருமைப்பால் ஊருக்கு எருமைக் கொழுப்பே போய்ச் சேர்ந்தது. பண்ணையிலிருந்து இனிப்பு அனுப்பியிருந்தார்கள்.

லுங்கியைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். நல்ல தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெர்னடெட் மேடம் போன். அங்கே போன நாளிலிருந்து குழந்தை தூங்குவதில்லையாம். கண் சொருகும்போதே திடுக்கிட்டு அழுகிறாளாம். லுங்கியைக் கொடுத்தால் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வீசி எறிகிறாளாம். முத்தரசி கம்பெனிக்குப் போகாமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருக்கிறாளாம். டாக்டரிடம் காட்டினார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வாணி படுக்கையறைக்குப் போய் லுங்கியை எடுத்து வந்து, என் எதிரே மேஜையில் விரித்தாள். மூலையில் சிவப்புப் பூ.

அவசரத்தில் மாறிப்போயிருக்கிறது. பை கட்டும் கலவரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். இரண்டும் ஒரே கட்டம், ஒரே கடை, ஒரே வெயில். எந்தப் புள்ளியை எடுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் கிடையாது.

இப்படித்தான் வாணியிடமும் சொன்னேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாங்க, மாறிப்போச்சு. நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருங்க. தொவைக்காமக் குடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 23, சனி

திருப்பூர் பழைய பேருந்து நிலையத்தில் முத்தரசி காத்திருந்தாள். குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மேடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். நான் குழந்தையைப் பார்க்கக் கூடாது, அவளும் என்னைப் பார்க்கக் கூடாது.

அந்தப் பெண்ணின் கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தது. வயசு பத்துக் கூடிப்போன மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குக் கூசியது. டீக்கடை ஓரமாக நின்று லுங்கியைக் கொடுத்தேன்.

"இந்தா, இந்த மூலையத்தான் மூக்குல வச்சுத் தேச்சுக்குவா. நீ மடியில போட்டுட்டு முதுகுல தட்டிக் குடும்மா. பாட்டெல்லாம் வேண்டாம், பாடினா எந்திரிச்சுருவா."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். லுங்கியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, இன்னொண்ணு. ஏனு, ஏனுன்னு யாரையோ கூப்புட்டுக்கிட்டே இருக்காண்ணே. கதவு தெறக்கிற சத்தம் கேட்டா ஓடிப்போய்ப் பாக்குறா. யாருண்ணே அது? எங்களால ஆள வரவைக்க முடியும்னா வரவச்சுப்புடலாம். மேடத்துகிட்ட நான் பேசுறேன்."

பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போயிற்று. நான்தாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் நல்ல பெண், அப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். செவ்வந்தி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் மறுபடி கதவுக்கு ஓடியிருப்பாள். அதற்கடுத்த வாரமும்.

"அது யாரும் இல்லம்மா" என்றேன். "வாணி வீட்டுல பேசறதக் கேட்டுட்டுச் சும்மா சொல்லிப் பழகிட்டா. தூக்கம் வந்தா அப்படித்தான் சொல்லுவா. கொஞ்ச நாள்ல மறந்துருவா."

"அப்படியாண்ணே? நான் யாரோ என்னமோன்னு பயந்துட்டேன்" என்று அவள் முதல் முறையாகச் சிரித்தாள்.

எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். கோவை பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது.

வாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

முத்தரசியிடமிருந்து மேடம் வழியாகச் செய்தி. குழந்தை தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிழையை முடித்துவிட்டோம் என்று பண்ணைக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இந்தக் குறிப்பையும் இன்றோடு நிறுத்த வேண்டும்.

வேலையை மூடுவதற்கு முன் தஸ்லிமா ஒரு கடைசிக் கேள்வி கேட்டாள். "கை மாத்திக் குடுத்த பெறகு பழைய எடத்துல என்ன சார் இருக்கும்?"

"ஒண்ணும் கெட்டுப்போகாதும்மா. அது பாட்டுக்கு இருக்கும். மறுபடி எதையாச்சும் வாங்கி வைக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் கேக்கக் கூடாது" என்றேன். அவள் அதை அப்படியே நிரலின் மேல் குறிப்பாக எழுதிச் சேர்த்துவிட்டாள்.

செவ்வந்தி போனதிலிருந்து வாணி என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து பக்கத்தில் வந்து நின்று சொல்வாள். நானும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. இன்று சாயங்காலம் வேலை மும்முரத்தில் மறந்துபோய், சமையலறையிலிருந்து "ஏனுங்க" என்று கூப்பிட்டுவிட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கூப்பிடவில்லை. கூடத்திலிருந்து வர வேண்டிய குரலுக்காக இருவரும் அவரவர் இடத்தில் காத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு எழுந்து போய், தீர்ந்திருந்த கேஸ் சிலிண்டரை மாற்றிக் கொடுத்தேன்.